துடுப்பில்லாத காட்சி: ஒகேனக்கல் பரிசல் பயணத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் நண்பன் டர்னராக வேலை பார்க்கும் லேத் பட்டறையின் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. வருஷம் முடிந்துபோயும் யாரும் அதைக் கழற்றவில்லை. தேதியெல்லாம் கிழித்தாகிவிட்டது, படம் மட்டும் மிச்சம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவே பச்சைத் தண்ணீர், தண்ணீரில் வட்டமாய் ஒரு பரிசல். எந்த ஊர் என்று போடவில்லை. போட வேண்டிய அவசியமுமில்லை, தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் ஒகேனக்கல் என்பார்கள். பரிசலில் நாலு பேர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. துடுப்புப் போடுகிறவர் இருக்கவேண்டிய பக்கத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரையும் போன் நம்பரையும் அச்சடித்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டறைக்காரர்கள் ஒரு சனிக்கிழமை ராத்திரி வேன் எடுத்துக்கொண்டு ஒகேனக்கல் போனார்கள். ஒரு சீட் காலி, வர்றியா என்றான் நண்பன். போனேன். இக்கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியதென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயணம் இல்லாவிட்டால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், எம்.ஏ. படிக்கும்போது, துறை மாணவர்களோடு இதே ஒகேனக்கல் போய்வந்து ஒரு கவிதை எழுதினேன். ஒரு சிறுபத்திரிகையில் வந்தது, இரண்டு மூன்று நண்பர்கள் கார்டு போட்டுப் பாராட்டினார்கள். அந்தக் கவிதையில் ஆறு இருந்தது, பாறை இருந்தது, மௌனம் என்ற வார்த்தை இரண்டு முறை இருந்தது. பரிசலும் இருந்தது. அதை ஓட்டியவர் இல்லை. பரிசல் தானாகப் போனது. இத்தனை வருஷமாக அது எனக்கு உறைக்கவே இல்லை. வேறு யாரும் கேட்கவுமில்லை. தமிழ்க் கவிதையில் பரிசல்கள் தானாகத்தான் போய்க்கொண்டிருக்கின்றன போலும்.

*

பரிசலில் ஏறினால் முதலில் கிடைப்பது கட்டளை. “நடுவுல எந்திரிக்காதீங்க சார். ஒரே பக்கமா சாயாதீங்க.” மூங்கிலை வகிர்ந்து பின்னிய கூடு. முன்காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். அடி தட்டை, வட்ட வடிவம், முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. அதனால்தான் பாறைக்கு நடுவே சுழிப்பில் அது பிழைக்கிறது. மரப்படகென்றால் மூக்கு மோதி உடையும். பரிசல் மோதினால் சுற்றிக்கொண்டு விலகிப்போகும். ஆறு குறுக்கே பாறை போட்டிருக்கும் இடத்தில் நம்மை இறக்கிவிட்டுப் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் மறுபடி தண்ணீரில் போடுகிறார்கள்.

எங்களுக்குப் பரிசல் போட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். மலையிடுக்கில் நுழைந்ததும் வேனில் வந்த பையன்கள் செய்த முதல் காரியம் பாறைக்கு முதுகைக் காட்டித் திரும்பியதுதான். போனைத் தூக்கிப் பிடித்தால் முகமும் வரவேண்டும், பின்னால் பாறையும் வரவேண்டும். நாலு பேரும் நாலு திசையில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் பெருமையோடு. பரிசல்காரர் எங்கள் ஐந்து பேரையும் பார்க்கவில்லை, பாறையையும் பார்க்கவில்லை. அவர் கண் பரிசலுக்கு முன்னால் பத்தடித் தூரத்துத் தண்ணீரிலேயே இருந்தது. தண்ணீரின் மேல்தோல் எங்கே மடிகிறது, எங்கே கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கிறது (அங்கேதான் ஆபத்து என்றார்), எங்கே நுரை பின்னோக்கி வருகிறது – அதையே வாசித்துக்கொண்டிருந்தார். வாசிப்பு, பிரதி என்றெல்லாம் நாம் இந்தப் பக்கங்களில் இத்தனை வருஷம் எழுதியாயிற்று. தப்பாக வாசித்தால் ஆள் சாகும் என்கிற மாதிரியான வாசிப்பை நான் பார்த்தது அன்றுதான்.

‘காட்சி’ என்பது அவருடைய கண்ணை வெளியேற்றிவிட்டுத்தான் உண்டாகிறது. எனக்குப் பட்டது இதுதான்.

*

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வை என்று ஒரு ஆறு. 1770இல் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் அதில் படகில் போய்வந்தார். 1782இல் அதைப் புத்தகமாகப் போட்டார். ஒரு நிலப்பரப்பு ‘ஓவியம் மாதிரி’ இருக்கிறதா என்று சோதிப்பதற்கான விதிகளை வகுத்த புத்தகம் அது. அதற்குப் பிறகு வை ஆற்றுப் படகுப் பயணம் மத்தியதர வர்க்கத்துக்கு ஒரு மோஸ்தராகிவிட்டது. அந்தப் பயணிகள் கையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பார்கள்: கறுப்புச் சாயம் ஏறிய, லேசாகப் புடைத்த கண்ணாடி. ஓவியர் கிளாட் பேரால் வழங்கப்பட்டது. மலைக்கு முதுகைக் காட்டி நின்று அந்தக் கண்ணாடியில் மலையைப் பார்ப்பார்கள். அப்போதுதான் அது ஓவியமாகத் தெரியும். ஆக, எங்கள் பரிசலில் முதுகு திருப்பிய பையன்களுக்கு இருநூற்றைம்பது வருஷப் பாரம்பரியம் இருக்கிறது. செல்போன் வந்து கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கில்பின் இன்னொன்றும் எழுதுகிறார். ஆற்றங்கரையில் டின்டர்ன் என்ற பாழடைந்த மடாலயம். அதன் சுவர்முனைகள் ரொம்ப ஒழுங்காக இருக்கின்றன, ஒரு சுத்தியலை விவேகத்தோடு பயன்படுத்தினால் அழகு கூடும் என்கிறார். அந்த இடிபாட்டுக்குள் அன்று பிச்சைக்காரர்கள் குடியிருந்தார்கள். பக்கத்திலேயே இரும்பாலைகள். மலைச்சரிவில் கிளம்பும் கரிச்சூளைப் புகையும் அவர் கண்ணுக்கு அழகாகத்தான் படுகிறது. 1798இல் வேர்ட்ஸ்வொர்த் அதே ஆற்றங்கரையை வைத்துப் புகழ்பெற்ற கவிதையை எழுதும்போது அதில் பிச்சைக்காரர்களும் இல்லை, இரும்பாலையும் இல்லை. 1986இல் மர்ஜரி லெவின்சன் என்ற விமர்சகர் இதைப் பிடித்துக்கொண்டு, கவிதை எதைச் சொல்லாமல் விட்டு நிற்கிறது என்று கேட்டபோது பெரிய சண்டையே நடந்தது. கவிதை என்ன ஆவணமா என்று எதிர்க்கேள்வி வந்தது. நம்மூரிலும் அதே கேள்வி, அதே தொனியில் வந்துகொண்டிருக்கிறது. ஆவணம் கேட்கவில்லை ஐயா. பரிசல் எப்படி நகர்ந்தது என்றுதான் கேட்கிறோம்.

ரொலாண் பார்த்தின் ‘மிதாலஜீஸ்’ (1957) நூலில் ‘நீல வழிகாட்டி’ என்ற பயணக் கையேட்டைப் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. நிலம் மேடு பள்ளமாக இருந்தால்தான் அந்தக் கையேட்டுக்கு அது ‘அழகு’: மலை, கணவாய், பள்ளத்தாக்கு, காட்டாறு. சமவெளிக்கு அழகே கிடையாது. அங்கே வாழும் மனிதர்களோ வெறும் வகைமாதிரிகள். பார்த் சொல்வது ஐரோப்பிய முதலாளிய ஆல்ப்ஸ் மோகத்தைப் பற்றி. ஆனால் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பஸ் ஸ்டாப் கம்பத்தில் ஒட்டியிருக்கும் சுற்றுலா நோட்டீஸைப் பாருங்கள். ஏற்காடு, கொல்லிமலை, ஒகேனக்கல், குற்றாலம். ஒரு ஏரிக்கரையோ ஒரு வயலோ அதில் இடம்பெறுவதில்லை. நம்முடைய கண்ணும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறது.

*

இங்கே தமிழ் படித்தவன் உடனே திணைக் கோட்பாட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். நானும் வருகிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்று அடுக்கிக்கொண்டு போகும் தொல்காப்பியர், அந்த நிலத்துத் தொழிலையும் சேர்க்கிறார். தொழிலுக்கு அவர் போட்ட வார்த்தை ‘செய்தி’. அதாவது அந்த நிலத்தில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பது. தொழிலை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் தனியாகப் பார்ப்பது அந்தச் சிந்தனைக்குள் நடக்காத காரியம். இன்றைக்கு ‘செய்தி’ என்றால் தினசரியில் வருவது. பரிசல் கவிழ்ந்தால்தான் பரிசல்காரர் செய்தியாகிறார்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் ‘மேற்கு பிரித்தது, நாம் சேர்த்தே வைத்திருந்தோம்’ என்று ஒரு சௌகரியமான முடிவுக்கு வந்துவிடலாம். அப்படித்தான் பலர் வருகிறார்கள். ஆனால் அதே தொல்காப்பியம்தான் அடியோரையும் வினைவலரையும், அதாவது ஏவல் செய்கிறவர்களையும் வேலை செய்கிறவர்களையும், ஐந்திணைக்குப் புறத்தே வைத்துப் பேசுகிறது. அன்பின் ஐந்திணையில் காதலிக்கும் தகுதி அவர்களுக்கு இல்லை என்றே உரைமரபு விளக்கியது. தொழில் உள்ளே இருக்கலாம், அதைச் செய்கிறவன் வெளியே நிற்கவேண்டும். பரிபாடலில் வையைப் புனலாட்டைப் படித்துப் பாருங்கள். மதுரை நகரத்தார் அலங்காரம் பண்ணிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறார்கள், விளையாடுகிறார்கள், ஊடுகிறார்கள். ஆற்றைப் பொழுதுபோக்காகப் பார்க்கும் கண் வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொடுத்தது மட்டும் கிடையாது. உள்ளூர்ச் சரக்கும் உண்டு.

பயணம் முடிந்து கரையேறும்போது பையன்கள் பரிசல்காரர் கையில் தனியாகக் கொஞ்சம் காசு வைத்தார்கள். பரிசல், பரிசில். சொற்பிறப்பு ஆராய்ச்சி எதுவும் இதில் கிடையாது, ஓசைதான். பாடினவனுக்குப் புரவலன் தந்தது பரிசில். ஓட்டினவனுக்கு நாம் தருவது டிப்ஸ்.

*

ஒகேனக்கல் எத்தனை பேருக்கு எத்தனை விதமாக இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம். பேரே கன்னடம்: புகையும் கல். ‘ரோஜா’ (1992) படத்தில் நாயகி அறிமுகமாகும் பாட்டின் சில பகுதிகள் இங்கே எடுக்கப்பட்டவை. கதைப்படி அவள் ஊரோ திருநெல்வேலிப் பக்கம். தர்மபுரியின் ஆறும் நெல்லையின் வயலும் ஒட்டிக்கொண்டு ‘கிராமம்’ என்ற ஒரே பிம்பமாகின்றன. அந்தப் பிம்பத்தைப் பிறகு தேசத்துக்கு எதிரே நிறுத்திப் படம் தன் அரசியலைச் செய்துகொள்கிறது. அது தனிக்கதை.

இதே ஆற்றில், ஒகேனக்கலுக்குச் சற்று மேலே, பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கே இருக்கிறது. கர்நாடகம் எவ்வளவு தண்ணீர் விட்டது என்ற கணக்கு அங்கேதான் எழுதப்படுகிறது. 2007இல் நடுவர் மன்றம் 192 டி.எம்.சி. என்றது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. தஞ்சாவூர் விவசாயிக்கு ஒகேனக்கல் என்றால் அந்த எண்தான். பரிசல்காரருக்கும் அதே எண்தான். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுகிறது, பேப்பரில் நாம் பார்க்கிற ‘வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி’. எங்கள் பரிசல்காரர் சொன்னார்: “தண்ணி வந்தாலும் தொழில் இல்ல. வராட்டியும் தொழில் இல்ல. அளவா வரணும் சார்.” காவிரிப் பிரச்சினை பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை.

இதே மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு ஒகேனக்கல். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பாறைக்கடியிலிருந்து வரும் கிணற்று நீரில், போர் நீரில் புளோரைடு. பிள்ளைகளின் பல் பழுப்பாகி, பெரியவர்களின் எலும்பு வளைந்து போகிறது. பக்கத்திலேயே காவிரி ஓடுகிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் போராட்டம் வெடித்தது. ஏப்ரலில் தமிழ்த் திரையுலகம் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தது. மேடைகளில் அதிகம் கேட்டது ஒகேனக்கல் யாருக்குச் சொந்தம் என்பதுதான். வளைந்த எலும்பைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? ஜப்பான் கடனுதவியோடு 2013இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அருவியைப் பார்க்க ஊர் உலகமெல்லாம் வந்துபோன அத்தனை வருஷமும், அருவி இருக்கும் மாவட்டம் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. என் கவிதை வந்ததும் அந்த வருஷங்களில்தான். மௌனம் என்று இரண்டு முறை எழுதியிருந்தேனே, அது யாருடைய மௌனம்?

*

மலையிடுக்கில் ஓடும் ஆறு இரண்டு பேர் கண்ணுக்கு ஒரே நேரத்தில் அழகாகப் படுகிறது. ஒருவர் பயணி, மற்றவர் அணைக்கட்டுப் பொறியாளர். குறுகலான இடம், இரண்டு பக்கமும் கெட்டிப் பாறை: சுவர் எழுப்ப அதைவிட நல்ல இடம் எது? சீனத்தின் யாங்சி ஆற்றில் ‘மூன்று மலையிடுக்குகள்’ உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பேர்போனவை. 2003இல் அங்கே நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷங்களில், மூழ்குமுன் கடைசியாகப் பார்த்துவிடலாம் என்று ‘விடைபெறும் பயணங்கள்’ விற்றன. பதின்மூன்று லட்சம் பேர் அளவில் இடம்பெயர்ந்தார்கள். ஜியா ஜாங்கேயின் ‘ஸ்டில் லைஃப்’ (2006; அவ்வருஷம் வெனிஸில் தங்கச் சிங்கம்) இந்த இடத்தில்தான் நடக்கிறது. மூழ்கப்போகிற ஊரை இடித்துக்கொண்டிருக்கும் கூலித் தொழிலாளர்களில் ஒருவன் பத்து யுவான் நோட்டை எடுத்துக் காட்டுகிறான். அதன் பின்பக்கத்தில் அவர்கள் இருக்கும் அதே மலையிடுக்கின் படம். பிறகு நாயகன் அந்த நோட்டை எதிரேயுள்ள மலையோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறான். காட்சியும் பணமும் ஒரே காகிதத்தின் இரண்டு பக்கம் என்பதை வசனமில்லாமல் சொன்ன இடம் அது.

அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஆந்திரத்தில் கோதாவரி பாபிகொண்டலு மலைகளுக்கு நடுவே போகும் படகுப் பயணம் உண்டு. 2019 செப்டம்பர் 15இல் கச்சுலூரு அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள், நாடே பார்த்தது. அதே கரைகளில் கொண்டாரெட்டி, கோயா மக்களின் ஊர்கள் போலவரம் அணையால் மூழ்குவதை அந்த அளவுக்கு யாரும் பார்க்கவில்லை. நம் மேட்டூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1934இல் அணை முடிந்தபோது மூழ்கிய ஊர்களின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் தலைநீட்டுகின்றன. ஜனங்கள் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூழ்கடித்ததும் காட்சி, வெளிப்படுவதும் காட்சி. பிலிகுண்டுலுவுக்கும் மேலே மேகேதாட்டு – ‘ஆடு தாண்டிய இடம்’ – இப்போதே சுற்றுலாத் தலம். அங்கே 67 டி.எம்.சி. அணை கட்டக் கர்நாடகம் முனைந்து நிற்கிறது. தமிழ்நாட்டில் நாம் அதை நம் பங்குத் தண்ணீரை வைத்து எதிர்க்கிறோம், அது நியாயம். மூழ்கப்போகிற ஏறத்தாழ ஐயாயிரம் ஹெக்டேர் நிலத்தில் பெரும்பகுதி காடு. அது நம் பேச்சில் எங்கே வருகிறது?

*

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசியபோது தோழர் ஒருவர், ஆக சுற்றுலாவே முதலாளிய நுகர்வு, தொழிலாளி அதில் மயங்கக்கூடாது, அப்படித்தானே என்றார். இல்லை. வாரத்தில் ஆறு நாள் எஸ்டேட்டில் இரும்புத்தூளைச் சுவாசிக்கிறவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் மிதக்க ஆசைப்பட்டால், அவனுக்குப் பாடம் எடுக்க நாம் யார்? டுடோரியலில் பாடம் எடுக்கிற எனக்கு அந்த வியாதி கொஞ்சம் ஜாஸ்தி, அதனால் சொல்கிறேன். உண்மையில் அந்தப் பரிசலில் இருந்தவர்களில் பரிசல்காரரோடு பேசியது என் டர்னர் நண்பன்தான். செல்ஃபி எடுத்து முடித்தபிறகு, பரிசலின் விளிம்பைத் தடவிப்பார்த்துக் கேட்டான்: “மூங்கில் எங்கண்ணா வாங்குவீங்க? ஒண்ணு கட்ட எத்தினி நாள் ஆவும்? எத்தினி வருஷம் தாங்கும்?” அவர் முகம் முதல் தடவையாகத் தண்ணீரிலிருந்து எங்கள் பக்கம் திரும்பியது. அதுவரை “சார்” என்றவர் அவனை “தம்பி” என்றார். மூங்கிலை எந்தப் பதத்தில் வெட்டவேண்டும், பின்னலில் எந்த இடம் முதலில் விடும் என்று ரெண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். டாலரன்ஸ், ஃபிட் என்று இவன் தன் பாஷையில் பேசினான், அவருக்குப் புரிந்தது. பாறையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதில் சேர்ந்துகொள்ள ஒரு வார்த்தை இல்லை.

“சென்னையில எங்க?” என்று கேட்டார். அம்பத்தூர் என்றோம். “அங்க ஆறு இருக்குதா?” நான் இல்லை என்றேன். நண்பன், “ஏன் இல்ல, திருவேற்காடு தாண்டி கூவம் போவுதே” என்றான். எனக்கு அது ஆறாகத் தோன்றவில்லை, பார்த் சொன்ன கையேடுதான் எனக்குள்ளும் இருக்கிறது. ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2019இல் திறந்து, படகு விட்டார்கள். இப்போது அங்கே கூட்டம் வருகிறது. படகு விட்டால்தான் ஏரி கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொன்றையும் அவரிடம் சொல்லியிருக்கலாம், வேனில் திரும்பும்போதுதான் தோன்றியது. அவர் துடுப்புப் போட்ட தண்ணீர் மேட்டூர் போய், கொள்ளிடம் கீழணை போய், வடவாற்றில் வீராணம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து 2004 முதல் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் குழாயில் போரூருக்கு வருகிறது. பூந்தமல்லி சாலையில் பஸ்ஸில் போகும் நாம் தினமும் தாண்டிப்போகிற இடம். அங்கே பாறையும் இல்லை, பரிசலும் இல்லை, யாரும் இறங்கிப் படம் எடுப்பதில்லை.

ஊருக்கு வந்ததும் அந்தப் பழைய கவிதையைத் திருத்த உட்கார்ந்தேன். பரிசல்காரரைச் சேர்த்தேன். சுருங்கிய கண், நரம்பு புடைத்த கை, வெயிலில் கறுத்த முதுகு. படித்துப் பார்த்தால் காலண்டர் படம் மாதிரியே இருந்தது, போன் நம்பருக்குப் பதிலாக ஒரு முதுகு, அவ்வளவுதான். கிழித்துப் போட்டேன். போகும் வழியில் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பேர் சொல்லிக்கொண்டே வந்தார் அவர். எந்தப் பாறையில் எந்த மாதத்தில் சுழி கட்டும் என்றும் சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டால், நண்பனுக்கு ரெண்டு பேர் ஞாபகம் இருக்கிறதாம்.